குஃப்ரியில் தொலைந்த சம்பந்தியம்மாக்கள்

போன வாரம் ஆபீஸிலிருந்து ஜெனிபர் போன் பண்ணினாள். நான் வேலையை விட்ட பிறகு எங்கள் டிராவல்ஸில் சிம்லா டூருக்கு மேனேஜர் அவள்தான்.

"யக்கா, இப்ப வாரவங்களுக்குப் பனியில நின்னு வீடியோ எடுத்தாப் போதுமாம். குட்டி ரயிலு, ஜாக்கூ கோயிலு, லக்கர் பஜாரு எல்லாத்தையும் தூக்கிட்டு, குஃப்ரிக்கு மட்டும் முழு நாளு குடுத்துரலாமா?"

"குஃப்ரிக்கு முழு நாளா? அங்க நான் ரெண்டு பொம்பளைகளத் தொலைச்ச கதை உனக்குத் தெரியுமாட்டி?" என்றேன்.

தெரியாதாம். சொல்ல ஆரம்பித்தேன். அவள் காது சூடாகி, போனைச் சார்ஜில் போட்டு, மறுபடி கேட்டாள். கடைசியில், "இதை அப்படியே எழுதித் தாங்கக்கா, புதுசா வாரவங்களுக்குக் குடுக்கேன்" என்றாள். அதனால்தான் எழுதுகிறேன். எழுதும்போதே சிரிப்பு வருகிறது. எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

முதலில் நான் எப்படி இந்த வேலைக்கு வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் ராணுவத்தில் ஹவில்தார். கல்யாணமான கையோடு என்னை அம்பாலாவுக்குக் கூட்டிப் போய்விட்டார். அங்கே தள்ளுவண்டிக் காய்கறிக்காரனிடம் பேரம் பேசித்தான் இந்தி கற்றேன். அதனால் எனக்கு முதலில் வந்தது சண்டை இந்தி. மரியாதை இந்தி ரொம்ப நாள் கழித்துத்தான் வந்தது. அவர் ஓய்வு பெற்றதும் இராஜபாளையத்துக்குத் திரும்பினோம். அவர் ஒரு மில்லில் செக்யூரிட்டி, நான் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் காஸ் துணி மடித்துக் கட்டும் வேலை.

ஒரு நாள் காலையில் அடுத்த தெரு அம்மா ஒருத்தர் செல்போனைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடி வந்தார். அவர் கணவர் பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்று, டிராவல்ஸ் ஆரம்பித்திருந்தார். முதல் டூர். டில்லியில் பஸ் டிரைவர் பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு, அசைய மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறான். என்ன காரணம் என்று யாருக்கும் புரியவில்லை. "நீ செத்த பேசும்மா" என்று போனை என் காதில் வைத்தார். அடுப்பில் தோசை கருகக் கருக நான் அந்த டிரைவரிடம் அம்பாலா இந்தியில் பேசினேன். விஷயம் ஒன்றுமில்லை, அவன் காலையிலிருந்து சாப்பிடவில்லை. யாரும் கேட்கவில்லை என்று அவனுக்குக் கோபம். திட்டிவிட்டு, சாப்பாட்டுக்கும் சொன்னேன். பஸ் கிளம்பியது. அடுத்த டூரில் நான் பஸ்ஸுக்குள் இருந்தேன். அவ்வளவுதான் என் பயிற்சி.

பி.டி. சாரைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. குள்ளம், நிமிர்ந்த முதுகு, கழுத்தில் எப்போதும் விசில். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். சந்தோஷம் வந்தால் கையைத் தட்டி, "ரண்டி ரண்டி ரண்டி!" என்று எல்லோரையும் கூப்பிடுவார். கோபம் வந்தால் பேசவே மாட்டார், மைதானத்தில் பையன்களைப் பார்ப்பது போலப் பார்ப்பார். அறுபது வயது மில் முதலாளிகூட அந்தப் பார்வைக்கு ஷூ லேஸைக் குனிந்து கட்டியதை நான் பார்த்திருக்கிறேன்.

அவரிடம் ஒரு முறை இருந்தது. தலையை எண்ணுகிற வேலையே கிடையாது. "எண்ணுனா தப்பும் ராணி. தலை ஆடும், குனியும், கக்கூசுக்குப் போகும்" என்பார். மதுரை ஜங்ஷனிலேயே ஆளுக்கு ஒரு சோடி சேர்த்துவிடுவார். புருஷன் பெண்டாட்டியைச் சேர்க்கவே மாட்டார். "அவனைக் கேட்டா, திரும்பிக்கூடப் பாக்காம 'இருக்கா சார்'ம்பான்." முன்பின் தெரியாதவர்களைத்தான் சேர்ப்பார். அதற்கும் ஒரு கணக்கு. பிளாட்பாரத்தில் எல்லோருக்கும் இட்லிப் பொட்டலம் கொடுத்துவிட்டு, இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே நடப்பார். அவசர அவசரமாக விழுங்குகிறவருக்கு, மென்று மென்று தின்பவர் சோடி. பிறகு பயணம் முழுக்க, வண்டி கிளம்புமுன் ஒரு விசில். "சோடி இல்லாதவங்க கை தூக்குங்க!" யாரும் கை தூக்கவில்லையென்றால் எல்லோரும் இருக்கிறார்கள். வண்டி போகலாம். பல வருஷம் இந்த முறை ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

அந்த மாசி மாதம் கான்சாபுரத்திலிருந்து பேச்சியம்மாள் வந்தார். ஒல்லி, கண்ணாடி, இட்லியை நாலு வாயில் முடித்தவர். சுந்தரபாண்டியத்திலிருந்து வேலம்மாள் வந்தார். கனத்த உடம்பு, ஒரு இட்லியை ஊர்க்கதை முடியும் வரை தின்பவர். சார் இருவரையும் சோடி சேர்த்தார். அடுத்த நிமிஷம் இருவரும் ஆளுக்கொரு பக்கமாக என்னிடம் வந்து, "ராணி, என்னை மாத்தி விடு" என்றார்கள்.

விசாரித்தால், இருவரும் சம்பந்தியம்மாக்கள்! பேச்சியம்மாளின் மகனுக்கு வேலம்மாளின் மகள். பையன் ராணுவத்தில், வடக்கே மலைமேல் ஒரு கன்டோன்மென்டில் இருக்கிறான். குடும்பத்தோடு இருக்கக் குவார்ட்டர்ஸும் கிடைத்துவிட்டது. "மருமக எங்கூடத்தான் இருக்கணும், வயக்காட்டை நான் ஒத்தையில பாக்க முடியாது" என்று பேச்சியம்மாள். "புருஷங்கிட்ட அனுப்பு, இல்லன்னா எம்மக எங்கிட்ட இருக்கட்டும்" என்று வேலம்மாள். சண்டை முற்றி, பெண் சுந்தரபாண்டியத்தில் அம்மா வீட்டில் இருந்தாள். இரு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்று ஒரு வருஷத்துக்கு மேல். ஒருத்தர் வருவது ஒருத்தருக்குத் தெரியாமல் இருவரும் டூருக்குப் பதிந்திருக்கிறார்கள்.

சாரிடம் ஓடினேன். அவர் சிரித்தார்.

"சண்டைக்காரங்க ஒருத்தர் மேல ஒருத்தர் கண்ணை எடுக்கவே மாட்டாங்க. அதைவிட நல்ல சோடி உண்டா?"

டில்லி போய்ச் சேர்ந்து முதல் விசில் அடித்ததும் பேச்சியம்மாள் கை தூக்கினார். பக்கத்திலேயே வேலம்மாள் மலை மாதிரி உட்கார்ந்திருந்தார். "எனக்குச் சோடி இல்ல சார்" என்றார் பேச்சியம்மாள். சார் அந்த மைதானப் பார்வை பார்த்தார். கை இறங்கியது.

சிம்லாவை இனிமேல் பார்க்கப்போகிறவர்களுக்குச் சொல்கிறேன், கால்காவிலிருந்து குட்டி ரயிலில்தான் போக வேண்டும். ஒரு குகை முடிந்து மூச்சு விடுவதற்குள் அடுத்த குகை. குகைக்குள் நுழையும்போதெல்லாம் எங்கள் கூட்டம் "ஓ"வென்று கத்தும். மில் கணக்கர், ஓய்வு பெற்ற ஏட்டையா, பேரன் பேத்தி எடுத்தவர்கள் எல்லோரும் ஒரே கத்தல். வெளிச்சம் வந்ததும் ஒன்றுமே நடக்காதது போல மூக்கைத் துடைத்துக்கொள்வார்கள். அடுத்த இருட்டில் மறுபடி கத்தல். மலை ஏற ஏற வயசு இறங்குவதை நான் ஒவ்வொரு டூரிலும் பார்த்திருக்கிறேன். தேவதாரு மரங்கள் ஜன்னலை உரசும். பள்ளத்தைப் பார்த்து, "எங்க மேற்கு மலைதான், செத்த அதிகமா வளத்துட்டாங்க" என்று ஏட்டையா சொன்னதற்கு, ஒரு குகை நீளத்துக்குச் சிரித்தோம்.

மறுநாள் ஜாக்கூ. மலை உச்சியில் அனுமார் கோயில், வானத்தை முட்டும் செந்நிற அனுமார் சிலை. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் அண்ணாந்து பார்த்த உடனே ஒரே கேள்வி: "நம்ம கோபுரத்தைவிட உசரமா?" இல்லை, நம் கோபுரம்தான் உசரம் என்று சொன்னேன். அதன் பிறகுதான் நிம்மதியாகக் கும்பிட்டார்கள்.

அங்கே குரங்குகளுக்குக் கண்ணாடி என்றால் உயிர். எத்தனை சொல்லியும் பேச்சியம்மாள் கழற்றவில்லை. ஒரு கிழட்டுக் குரங்கு வந்து, பூப் பறிப்பது போலக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு சுவர்மேல் ஏறியது. பேச்சியம்மாள் கையை நீட்டித் தடவித் தடவி நின்றார். கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்கு எல்லாம் புகை. நான் கடலை வாங்க ஓடுவதற்குள் வேலம்மாள் தன் பையிலிருந்து ஊர் பால்கோவாப் பொட்டலத்தை எடுத்துச் சுவரை நோக்கி வீசினார். குரங்கு கண்ணாடியைப் போட்டுவிட்டுப் பொட்டலத்தைப் பிடித்தது. வேலம்மாள் கண்ணாடியைப் பொறுக்கி, முந்தானையில் துடைத்து, ஒரு வார்த்தை பேசாமல் நீட்டினார். பேச்சியம்மாள் வாங்கிப் போட்டுக்கொண்டு, குரங்கைப் பார்த்து, "நல்ல பால்கோவாவ வீணாக்கிட்டாவ" என்றார்.

சம்பந்தியை 'வீணாக்கிட்டா' என்னாமல் 'வீணாக்கிட்டாவ' என்று மரியாதை போட்டுப் பேசிவிட்டாரே என்று எனக்கு உள்ளுக்குள் குதிப்பு. சாரிடம் சொன்னேன். "ரண்டி ரண்டி!" என்று கையைத் தட்டினார், யாரையும் கூப்பிடாமலேயே.

அடுத்த நாள் குஃப்ரி. சிம்லாவுக்கு மேலே, இன்னும் குளிரான இடம். ரோட்டிலிருந்து மலைச்சரிவுக்கு மட்டக்குதிரையில் ஏறிப் போக வேண்டும். சேறும் சாணியுமாகக் குதிரைகள் வழுக்கி வழுக்கி ஏற, எங்கள் ஆட்கள் ஊர்ச்சாமி எல்லாவற்றையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். குதிரை வேண்டாம் என்றவர்கள் கீழே டீக்கடைப் பக்கம் இருக்கலாம். வேலம்மாள் குதிரைக்குப் பயந்து இருந்துவிட்டார். சோடி என்பதால் பேச்சியம்மாளும் இருந்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

நாங்கள் மேலே இருக்கும்போதே பனி விழ ஆரம்பித்தது. முதலில் உமி பறப்பது போல. பிறகு, எங்கள் ஊர் மில்லில் பஞ்சு பறக்குமே, அதைப் போல நூறு மடங்கு. வாழ்க்கையில் பனியைக் கண்டிராத முப்பது பேர்! நாக்கை நீட்டுகிறார்கள், தலையில் அள்ளிப் போடுகிறார்கள். ஏட்டையா யாருக்கோ சல்யூட் அடித்தார். யாருக்கு என்று அவருக்கே தெரியாது. குதிரைக்காரர்கள் "சலோ சலோ" என்று கீழே விரட்டினார்கள். பனி கெட்டித்தால் ரோட்டை அடைத்துவிடுவார்கள், எல்லா வண்டியும் இப்போதே இறங்க வேண்டும் என்று போலீஸ்காரர்கள் கத்தினார்கள். நனைந்து, சிரித்து, முட்டி மோதிப் பஸ்ஸில் ஏறினோம். விசில்.

"சோடி இல்லாதவங்க கை தூக்குங்க!"

ஒரு கையும் எழவில்லை. பஸ் கிளம்பியது.

ரெண்டு வளைவு தாண்டியதும் நான் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு சுக்குக் காப்பி ஊற்றிக்கொண்டே பின்னால் போனேன். பேச்சியம்மாள் சீட்டில் பேச்சியம்மாளின் பை உட்கார்ந்திருந்தது. வேலம்மாள் சீட்டில் வேலம்மாளின் பை.

சாரின் முறையில் அப்போதுதான் ஓட்டை தெரிந்தது. ஒரு சோடியே மொத்தமாகக் காணாமல் போனால் கை தூக்க ஆள் ஏது?

அவரிடம் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது. ஜன்னலைத் திறந்து தலையை நீட்டி, மலையைப் பார்த்து விசில் அடித்தார். பின்னால் வரிசையாக வண்டிகள். பஸ்ஸைத் திருப்ப வழியே இல்லை, நிறுத்தினால் போலீஸ் விடாது.

"நான் இறங்குதேன் சார். நீங்க இவங்களைக் கீழ சேருங்க."

"நானும் வாரேன் ராணி."

"உங்களுக்கு இந்தி வராது சார். பஸ்ஸுக்கு நீங்க வேணும்."

அவர் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி என் கையில் வைத்தார். அவர் கழுத்தை விசில் இல்லாமல் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

புடவை, ஸ்வெட்டர், கேன்வாஸ் ஷூ. அந்தக் கோலத்தில் பனியில் மேலே ஏறினேன். பயம் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். சர்க்கரை நோய், முழங்கால் வலி உள்ள வயசான பொம்பளைகள். பாஷை தெரியாது. இருட்டினால் குளிர் கொன்றுவிடும். ஆனால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சத்தமே இல்லாமல் அப்படி ஒரு வெள்ளை. மரம், ரோடு, என் புருவம் எல்லாம் வெள்ளை. விசிலை ஊதினேன். நாலு மட்டக்குதிரைகள் திரும்பிப் பார்த்தன.

குதிரைக்காரர்களிடம் கேட்டேன், டீக்கடையில் கேட்டேன், மக்காச்சோளம் சுடுகிறவரிடம் கேட்டேன். புடவை கட்டிய ரெண்டு வயசான பொம்பளைகளைப் பார்த்தீர்களா? ஒருத்தர் ஒல்லி, ஒருத்தர் குண்டு. "நஹீ ஜி, புடவைக்காரங்க யாருமே இல்லை" என்றே எல்லோரும் சொன்னார்கள். காட்டுப் பாதைப் பக்கம் ஓடிக் கூப்பிட்டேன். திரும்பி வந்து கடைகளைச் சுற்றினேன். ஒரு யாக்கு மாடு, சடை தரையைத் தொட, முதுகில் பனியோடு நின்றது. அதன் பக்கத்தில் இரண்டு மலைநாட்டுப் பெண்கள், சிவப்புக் கம்பளி உடுப்பு, வெள்ளிச் சங்கிலிகள், பூப்போட்ட முக்காடு. எவ்வளவு அழகாக இருக்கிறார்கள் என்று அந்தப் பதற்றத்திலும் நினைத்துக்கொண்டு அவர்களைத் தாண்டி ஓடினேன். திரும்பி வரும்போதும் தாண்டினேன்.

மலைநாட்டுப் பெண்களில் ஒருத்தர் கூப்பிட்டார்:

"ஏட்டி ராணி, யாரத் தேடிக்கிட்டு இப்படி ஓடுத?"

பனியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வேலம்மாள்! பக்கத்தில், கையில் பிளாஸ்டிக் பூக்கூடையோடு, பேச்சியம்மாள்! நான் சிரித்தேன், அழுதேன், விசிலை வாயிலிருந்து எடுக்க மறந்ததால் இரண்டும் விசிலாகவே வந்தன. யாக்கு மாடு பயந்து ரெண்டடி பின்வாங்கியது.

நடந்தது இதுதான். உடுப்பு மாட்டிவிட்டுப் படம் எடுக்கும் கடைக்காரன், டீக்கடையில் விறைப்பாக உட்கார்ந்திருந்த இருவரையும் அக்கா தங்கை என்று நினைத்துக் கையைப் பிடித்துக் கூட்டிப் போயிருக்கிறான். மகனுக்கு ஒரு படம் அனுப்பலாமே என்று பேச்சியம்மாளுக்கு ஆசை. மகளுக்கு அனுப்பலாமே என்று வேலம்மாளுக்கு. உள்ளே பாட்டு அலறியதில் விசில் கேட்கவில்லை. கொக்கி மாட்டவும் முக்காடு கட்டவும் ஒருத்தருக்கொருத்தர் கை கொடுக்க வேண்டியதாகிவிட்டது. வெளியே வந்தால் பனி.

பேச்சியம்மாள் உள்ளங்கையை நீட்டி அதில் விழுந்த பனியைப் பார்த்தபடி நின்றாராம். பிறகு, ஒரு வருஷத்துக்கு மேல் பேசாத சம்பந்தியிடம் கேட்டாராம்: "மதினி, எம்மவன் இருக்க எடத்துலயும் இப்படித்தான் விழுமா?"

"விழும் மதினி. மாப்பிள்ளை எம்மகளுக்குப் போட்டோ அனுப்புவாவ. இடுப்பளவு கெடக்கும். நான் பாத்திருக்கேன்."

இதை என்னிடம் சொல்லும்போது பேச்சியம்மாளின் குரல் இறங்கியது. "எங்கிட்ட 'நல்லாருக்கேம்மா, நல்லாருக்கேம்மா'ன்னுதான் சொல்லுவான் ராணி. ஒரு நாளும் இதைச் சொல்லலையே. என் விரலு பாரு, செத்த நேரத்துல மரத்துப் போச்சு. அவன் எப்படி நிக்கான்?" என்றார். பிறகு என்னையே பார்த்தார். "நீ பட்டாளத்துக்காரரு கூட அங்கல்லாம் இருந்தவதானே. எப்படி இருந்த?"

"எப்படி இருந்தேனா? அவரு டூட்டி முடிஞ்சு வரும்போது மூக்கு நுனி சிவந்திருக்கும். கதவைத் திறந்து சுடுதண்ணிய நீட்டுவேன். வாங்கிக் குடிக்க மாட்டாரு, மொதல்ல டம்ளரைக் கன்னத்துல வச்சுக்கிட்டு நிப்பாரு. எனக்கு அம்புட்டுச் சந்தோசமா இருக்கும்மா."

பேச்சியம்மாள் பூக்கூடையை யாக்கு மாட்டின் கொம்பில் மாட்டிவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கத் துடைக்கப் பனி விழுந்துகொண்டே இருந்தது. வேலம்மாள் தன் முக்காட்டை விரித்து அவர் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நின்றார்.

உடுப்பைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தால், இறங்க வண்டி கிடைக்கவில்லை. கடைசியில் காலிஃபிளவர் மூட்டை ஏற்றிய பிக்கப் வேன் ஒன்று நின்றது. டிரைவர் பக்கத்தில் ஒருவர் உட்காரும் இடத்தில் மூவர். வேலம்மாள் உட்கார்ந்ததும் பேச்சியம்மாள் பாதி அவர் மடியில், நான் கதவோடு அப்பளம். முதல் வளைவில் வண்டி லேசாக வழுக்கியது. டிரைவர் "ஜெய் மாதா தீ" என்றான். சாமி பேர் காதில் விழுந்ததும் நம்மூர்ப் பொம்பளைகள் என்ன செய்வார்கள்? இருவரும் நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டார்கள். டிரைவர் அரண்டுபோய் என்னைப் பார்த்தான். சாமிக்குத்தான், பயப்படாதே என்றேன். அவனுக்கு அது பிடித்துப் போயிற்று. அதற்கப்புறம் ஒவ்வொரு வளைவுக்கும் அவனே, "மாதாஜி!" என்று கூப்பிட்டுக் குலவை கேட்டு வாங்கினான். கான்சாபுரமும் சுந்தரபாண்டியமும் சேர்ந்து போட்ட குலவை சிம்லா வரை கேட்டிருக்கும்.

ஓட்டல் வாசலில் பனியில் நின்றுகொண்டிருந்தார் பி.டி. சார். உள்ளே வந்து நிற்கச் சொல்லி எல்லோரும் கெஞ்சியிருக்கிறார்கள், கேட்கவில்லை. நாங்கள் இறங்கியதும் விசிலைக் கொடுத்தேன். ஊதப் பார்த்தார், காற்றுதான் வந்தது. பேச்சியம்மாள் அவர் அருகில் போய், "எஞ்சோடி இருக்காவ சார்" என்றார். சார் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தார். அடுத்த டூரிலிருந்து சோடி போய் மூவர் கூட்டு வந்தது, மூன்று பேரும் ஒன்றாகத் தொலைய மாட்டார்கள் என்பது சார் கணக்கு. இன்றைக்கும் ஆபீஸில் அதுதான் முறை. ஜெனிபர், எக்காரணம் கொண்டும் அதை மாற்றிவிடாதே.

மறுநாள் லக்கர் பஜாரில் சம்பந்திகள் இருவரும் கடை கடையாக ஏறினார்கள். என்ன வாங்கினார்கள் என்று என்னிடம் காட்டவில்லை. ஊருக்குப் போனில்கூட ஒன்றும் சொல்லவில்லை. நேரில் பார்த்துச் சொல்லிக்கொள்வோம் என்று தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனில் ரயில் கொஞ்ச நேரம்தான் நிற்கும். நான் இராஜபாளையம் போக வேண்டியவள், கதவருகே நின்று அவர்களை இறக்கிவிட்டேன். உச்சி வெயில். பிளாட்பாரத்தில் வேலம்மாளின் மகள் அம்மாவுக்காக ஆட்டோ பேசி வைத்துக் காத்திருந்தாள். அம்மா இறங்கினார். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மாமியாரும் இறங்கினார். அந்தப் பெண் நகரவேயில்லை. அம்மாவைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள், பிடித்திருந்த கைகளைப் பார்த்தாள்.

பேச்சியம்மாள் பையைத் திறந்து கனத்த கம்பளித் தொப்பி ஒன்றை எடுத்தார். காதையும் கழுத்தையும் மூடுகிற தொப்பி. அதை மருமகள் தலையில் வைத்து, இரண்டு பக்கமும் இழுத்துவிட்டு, நாடாவைத் தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டார்.

"என்னத்த இது?" என்றாள் அவள்.

"அவனுக்குப் போன் பண்ணி வீட்டைக் கூட்டிப் பெருக்கி வைக்கச் சொல்லு. அங்க இதில்லாம இருக்க முடியாது, இப்பமே போட்டுப் பழகு."

ரயில் நகர்ந்தது. அந்த வெயிலில், நெற்றியெல்லாம் வேர்த்து வழிய, தொப்பியைக் கழற்றாமல் அந்தப் பெண் மாமியாரின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஆட்டோக்காரர் ஒன்றும் புரியாமல் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.